ஒன்பது பாட்டும் ஐந்து ஊசியும்

எங்கள் குழுவில் மூன்று பேர். நான் பேஸ் கிட்டார். கோவளத்துக்காரன் ஒருவன் டிரம்ஸ். பாட்டு எழுதுவது, பாடுவது, கிட்டார் வாசிப்பது எல்லாம் மூன்றாமவன். அவன் போன பிறகு, மிஞ்சிய நாங்கள் இரண்டு பேரும் அவனுடைய ஒன்பது பாட்டுகளை ஒரு ஆல்பமாகக் கொண்டுவந்தோம். அதற்கு ஐந்து வருஷம் ஆனது. வேலை, பணம், நேரம் என்று எல்லோரிடமும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. ஆல்பம் போடுவதென்றால் அவன் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவன் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் ஆனது அதற்குத்தான்.

அவனை முதலில் பார்த்தது செங்கல்பட்டில், கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில். நான் கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்கு வந்தவர். வீட்டில் ஒரு தமிழ், பள்ளியில் ஒரு தமிழ் என்று வளர்ந்ததில் எந்த ஊர்ப் பேச்சும் என் வாயில் ஒழுங்காக ஒட்டவில்லை. அவனுக்குச் சொந்த ஊர் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் படாளம். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிவேலை செய்த குடும்பம். அவன் அப்பா படித்து பஸ் கண்டக்டர் ஆகியிருந்தார். அவரை அவன் நைனா என்பான். அக்கா வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் பையன் என்றுதான் அவனை அவன் ஊரில் தெரியும்.

ஜூலை மாத வெயிலில் அவன் பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தான்களைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தான். நான் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"இன்னா பாக்குற? லுங்கித் துணிதான். தைக்கச் சொன்னா டைலரு சிரிக்கிறான்."

"எதுக்கு இந்தச் சட்டை?"

"ஒரு பாட்டு கீது. அத்தக் கேக்கற வெள்ளக்காரப் பசங்க இந்தச் சட்டைதான் போடறானுங்க. வா, கேளு."

பள்ளி நாளிலிருந்தே விடுமுறைகளில் அவன் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஓட்டலில் வேலை செய்தான். வெள்ளைக்காரர்கள் தங்கிப்போகும் இடம். அவர்கள் விட்டுப்போகும் புத்தகங்களோடு கேசட்டுகளும் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கும். டேப் அறுந்துபோன ஒரு கேசட்டை முதலாளி தூக்கிப்போட, இவன் எடுத்து செலோடேப் வைத்து ஒட்டியிருந்தான். மேலே இருந்த எழுத்து தண்ணீர் பட்டு அழிந்துபோயிருந்ததால் பாடுவது யாரென்று இரண்டு வருஷம் வரை எங்களுக்குத் தெரியாது. கிரஞ்ச் என்ற பெயரும் தெரியாது. அமெரிக்காவில், வருஷம் முழுக்க மழை தூறும் ஏதோ ஒரு ஊரில் பிறந்த இசை என்பதைப் பிறகு ஒரு பழைய பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டோம். மெதுவாக முனகுவார்கள், திடீரென்று கத்துவார்கள், மறுபடி முனகுவார்கள். கிட்டாரின் சத்தம் துணி கிழிவது போல இருக்கும்.

"கோவத்துல கத்தல மச்சான் இவன்" என்றான் அவன். "ஒண்ணும் பண்ண முடியாம கத்தறான். நம்ம ஊர்ல யாரும் இப்டிக் கத்தறதே இல்ல பாரு. மனசுக்குள்ளயே வெச்சிகினு பூடறாங்க."

அந்தக் கிழிந்த சத்தத்தை உண்டாக்க அவனிடம் கருவி எதுவும் இல்லை. செங்கல்பட்டில் மைக்செட் கடை வைத்திருந்தவரிடம் ஒரு பழைய ஸ்பீக்கர் வாங்கி, அதன் காகிதத்தை பிளேடால் மூன்று இடத்தில் கீறினான். கிட்டாரை அதில் கொடுத்தபோது அந்தச் சத்தம் வந்துவிட்டது. கடைக்காரர் பதறிப்போய், "ஏம்பா, நல்லா இருந்தத ஏம்பா கெடுத்த?" என்று கேட்டார். அவனுக்கு அன்று முழுக்க சந்தோஷம் தாங்கவில்லை.

முதலில் அந்தக் கேசட் பாட்டுகளைத்தான் வாசித்தோம். இரண்டாம் வருஷம் அவன் தமிழில் எழுத ஆரம்பித்தான். முதல் பாட்டு ரயில்வே கேட்டைப் பற்றியது. காலையில் கல்லூரிக்கு வரும்போது கேட் மூடினால் இருபது நிமிஷம் போய்விடும்.

கேட்டு போட்டாங்க
பின்னால ஆரன் அடிக்கிறான்
ரயிலும் வரல கேட்டும் தொறக்கல
இன்னா பண்றது, இன்னா பண்றது

அவ்வளவுதான் பாட்டு. 'இன்னா பண்றது' என்பதை முதலில் முணுமுணுப்பான். நாலாவது முறை வரும்போது அவன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருக்கும்.

கோவளத்தில் டிரம்மரின் அப்பா வண்டி மெக்கானிக். அந்தப் பட்டறைக்குப் பின்னால்தான் முதலில் பயிற்சி செய்தோம். தொழுகை நேரத்தில் சத்தம் என்று பள்ளிவாசலிலிருந்து வந்து சொன்னார்கள். அடுத்த வாரம் கோயில்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் சர்ச்சிலிருந்து ஒருவர் வந்தார். டிரம்மரின் அம்மா, "மூணு தெருவையும் ஒண்ணு சேத்துட்டீங்கடா" என்று சொல்லி எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில், கடலோரமாக மூடிக் கிடந்த ஒரு இறால் பண்ணைக்குப் போனோம். இறால் குஞ்சு பொரிக்கிற இடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதன் கீழே வரிசையாகக் காலி சிமெண்டுத் தொட்டிகள். வாட்ச்மேன் அறையில் மட்டும் கரண்ட் இருந்தது. அங்கிருந்து ஒயர் இழுத்துக்கொள்ள அவர் ஒத்துக்கொண்டார். தனியாக இருப்பதற்கு எங்கள் சத்தம் தேவலை என்றார்.

அங்கே ஒரு தொட்டியில் நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. அவன் வரும்போதெல்லாம் பன் வாங்கிவந்து பிய்த்துப் போடுவான். மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் ஒருநாள், அந்தக் குட்டிகளில் ஒன்று அவன் இடது கையில், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கடித்துவிட்டது. ஆழமான கடிதான். நாங்கள் சிரித்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அன்றைக்கும் வாசித்தான். மூன்றாம் நாள் போனபோது வாட்ச்மேன், "அந்தக் குட்டி கோணலா நடந்துகினு இருந்துது, நேத்து செத்துப்போச்சு. நீ போயி ஊசி போட்டுக்கப்பா" என்றார்.

மறுநாள் காலை நானும் அவனும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி. தினம் ஒன்று. ஊசி போட்ட நர்ஸம்மா தெளிவாகச் சொன்னார்கள். "ஒருநாள் கூட விடக் கூடாது. நல்லாத்தானே இருக்கேன்னு நின்னுடாத. பதினாலும் போடணும்." சீட்டில் தேதி எழுதி, அன்றைக்கு உரியதற்கு நேராக டிக் அடித்தார்கள்.

ஐந்து நாளும் நான் கூடப் போனேன். மூன்றாவது ஊசிக்கே வயிறு கட்டிகட்டியாக வீங்கிவிட்டது. கிட்டாரை மாட்டினால் அதன் பின்பக்கம் சரியாக அங்கேதான் உரசும். ஒரு துண்டை மடித்து நடுவில் வைத்துக்கொண்டு வாசித்தான்.

ஆறாவது நாள் எங்களுக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது. சென்னையில் ஒரு கல்லூரி விழா. அதுவரை எங்களை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. நோட்டீஸில் எங்கள் மூன்று பேரின் படமும் சின்னதாகப் போட்டிருந்தார்கள். காலையிலேயே சாமான்களோடு கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். ஊசி போடுவதும் காலையில்தான்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவன் கேட்டான்: "இன்னா மச்சான் பண்ணலாம்? ஊசி போட்டுகினு அப்புறமா வரட்டா? வயிறு வேற இப்டி கீது, இன்னிக்கும் குத்தினா கிட்டாரு மாட்ட முடியாது."

"ஒருநாள்தானே" என்றேன். "முடிஞ்சதும் மீதியைப் போட்டுக்கலாம்."

அவன் யோசித்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு பஸ்ஸில் ஏறினான்.

அன்றைக்கு நன்றாக வாசித்தோம். ரயில்வே கேட்டுப் பாட்டை முதலில் சிரித்துக்கொண்டே கேட்ட கூட்டம், முடியும்போது எங்களோடு சேர்ந்து 'இன்னா பண்றது' என்று கத்தியது. அப்படி ஒன்று எங்களுக்கு அதற்கு முன்னால் நடந்ததில்லை, பிறகும் நடக்கவில்லை. இறங்கி வந்ததும் அவன் என்னைக் கட்டிப்பிடித்து, வயிறு வலித்து உடனே விட்டுவிட்டான்.

ஏழாம் நாள் களைப்பில் தூங்கிவிட்டான். எட்டாம் நாள், "இப்பப் போனா அந்தம்மா திட்டி மொதல்லேர்ந்து பதினாலு போடும்டா. பேஜாரு" என்றான். நான் என்ன சொன்னேன் என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அஞ்சு போட்டாச்சுல்ல. குட்டி நாய்தானே."

ஏப்ரல் கடைசியில் அவன் இடது கை குறுகுறுக்க ஆரம்பித்தது. கம்பியை அழுத்த முடியவில்லை என்றான். நிறைய வாசித்ததால் இருக்கும் என்று தைலம் தடவிக்கொண்டான். இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் டீ சொன்னோம். கிளாஸை வாயருகில் கொண்டுபோனவன் கழுத்தைப் பின்னால் வெட்டி இழுத்துக்கொண்டான். டீ சட்டையெல்லாம் கொட்டியது. மறுபடி முயன்றான். டீ உள்ளே இறங்கவில்லை. "தொண்ட அடைக்கிது மச்சான்" என்றான். டீக்கடையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. "அத்த ஆஃப் பண்ணச் சொல்லு. காத்து மேல பட்டா இன்னாவோ பண்ணுது."

அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. வெறிநாய் கடித்தவனுக்குத் தண்ணீரும் காற்றும் ஆகாது என்று பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் படித்தது அப்படியே வந்து நின்றது. அவனை ஆட்டோவில் ஏற்றினேன். ஆட்டோவில் காற்று அடிக்கும் என்பதை யோசிக்கவில்லை. வழி முழுக்க அவன் முகத்தைத் துண்டால் மூடி என் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "நாய் கடிச்சுதா?"

அவன் என்னைப் பார்த்தான். பதில் சொன்னது நான்தான்.

"எத்தனை ஊசி?"

"அஞ்சு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு பேனாவை மூடினார். என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டு, இதற்கு மேல் வைத்தியம் இல்லை, அவஸ்தை தெரியாமல் இருக்க மருந்து கொடுப்போம், வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றார். அவர் மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார். அவன் நைனாவின் டிப்போவுக்குப் போன் போட்டேன்.

தனி அறையில், ஃபேன் இல்லாமல், ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். நடுநடுவே அவனுக்கு முழுத் தெளிவு வரும். அதுதான் கொடுமை. மறுநாள் மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"மச்சான், கேட்டுப் பாட்டுல ரெண்டாவது லைனு மாத்தணும். ஆரன் அடிக்கிறான் இல்ல அது. வேற ஒண்ணு வந்திச்சி..."

"சொல்லு."

வாயைத் திறந்தான். எச்சில் தொண்டையில் இறங்காமல் உடம்பு முழுவதும் உதறியது. நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார். அடுத்த முறை தெளிவு வந்தபோது அவன் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. நைனாவைக் கேட்டான். அவர் டியூட்டியிலிருந்து காக்கிச் சட்டையோடு வந்து, தோல் பையைக் கூடக் கழற்றாமல் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவன் அம்மா காலைப் பிடித்துக்கொண்டு பைபிளிலிருந்து எதையோ விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. அக்கா பதினோரு மணிக்கு வந்தாள். அழவில்லை. டாக்டரிடம் பேசிவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அவன் ஊசிய நிறுத்தினது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவனுடைய துணிகளை வாங்கிக்கொள்ள உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நான் படாளம் பக்கம் போகவில்லை. படிப்பு முடிந்தது. கம்ப்யூட்டர் படித்து, நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வயல்களுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்திருந்த சமயம். மூன்றாவது மாடியில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்தேன். டிரம்மர் அப்பாவின் பட்டறையை எடுத்து நடத்தினான். எப்போதாவது பார்ப்போம். இரண்டு பேரும் அவனைப் பற்றிப் பேச மாட்டோம்.

ஒருநாள் டிரம்மர் ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு வந்தான். இறால் பண்ணையில் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பதிந்தது. பட்டறையைச் சுத்தம் செய்யும்போது கிடைத்ததாம். ஒன்பது பாட்டும் இருந்தன. ஆனால் கூரையின் எதிரொலியும் டிரம்ஸும் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தன. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. பாட்டை எழுதிக்கொள்ள முடியும், அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது.

"நாமளே வாசிச்சிப் போட்டுடலாம்" என்றான் டிரம்மர். "நமக்குக் கல்யாணம் காட்சின்னு ஆச்சின்னா அப்புறம் ஒண்ணும் நடக்காது. உன்கிட்ட கம்ப்யூட்டர் கீது. நீ பாடு."

"எனக்குப் பாட வராது."

"அவனுக்கு மட்டும் வந்துதா?"

அதன் பிறகும் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன், கடைசியில் மூன்று மாதம், சனி ஞாயிறுகளில் பதிவு செய்தோம். படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்தோம். டிரம்ஸை மட்டும் கோவளத்தில் பட்டறை மூடியிருக்கும் வெள்ளிக்கிழமைகளில் பதிந்தோம். கிட்டாரும் நானே வாசிக்க வேண்டியதாயிற்று. அவன் கம்பிகளை எவ்வளவு தளர்த்தி வைப்பான் என்று தெரியாமல் பல வாரம் திண்டாடினேன். கடைசியில், அந்த டேப் ரெக்கார்டரே மெதுவாக ஓடிச் சுருதி மாறியிருக்கிறது, கேசட்டை நம்ப முடியாது என்று புரிந்தது. தோராயமாக ஒன்றை வைத்துக்கொண்டேன். ஸ்பீக்கர் காகிதத்தைக் கீறத் தேவையில்லை, கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தச் சத்தம் வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அது வேறு.

பாடுவதுதான் பெரிய கஷ்டம். 'இன்னா பண்றது' என்று நான் பாடினால் யாரோ ஒருவன் இன்னொருவனைப் போல நடிப்பது போல இருந்தது. அந்த 'இன்னா' என் வாயில் உட்காரவில்லை. கத்தினால், பக்கத்து வீட்டுக்காரர் மணியடித்து, "ஏதாவது பிரச்சினையா தம்பி?" என்று கேட்டார். கேட்டுப் பாட்டின் இரண்டாவது வரிக்கு வரும்போதெல்லாம் நிறுத்தினேன். அது அவன் வேண்டாமென்று சொன்ன வரி. புதிய வரி என்னவென்று யாருக்கும் தெரியாது. டிரம்மர் ஒரு வரி சொல்லிப் பார்த்தான். நான் இரண்டு எழுதிப் பார்த்தேன். எதையும் வைக்க மனம் வரவில்லை. தப்பான வரி என்று தெரிந்தே, பழையதையே பாடினேன்.

ஆல்பம் முடியப்போகும் நேரத்தில் டிரம்மர் பிடிவாதமாகச் சொன்னான்: "வூட்ல ஒரு வார்த்த கேக்காம போடக் கூடாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் படாளத்துக்குப் போனோம். சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நைனா ஓய்வு பெற்றிருந்தார். அம்மாவுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. அக்கா கல்யாணமாகி, பக்கத்து ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தாள். நாங்கள் வருவது தெரிந்து அவளும் வந்திருந்தாள். நான் ஒரு சின்ன பிளேயரும் ஹெட்போனும் கொண்டுபோயிருந்தேன். அக்காதான் கேட்டாள். ஒரு பாட்டு முழுவதையும், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டாள்.

"இதான் அவன் பாடறதா?" என்று கேட்டாள். "எங்களுக்கு அவன் சர்ச்சுல பாடறதுதான் தெரியும்."

"ஆமாக்கா."

"சரி. போட்டுக்கோங்க."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். டிரம்மர் எழுந்தும் விட்டான். நான் எழவில்லை.

"அக்கா, அன்னிக்கு நீங்க கேட்டப்போ பொய் சொல்லிட்டேன். எனக்குத் தெரியும். நான்தான் நிகழ்ச்சிக்குப் போகலாம்னு சொன்னேன். அப்புறமும் நான்தான் அஞ்சு போதும்னு..."

"தெரியும்" என்றாள்.

நான் நிறுத்திவிட்டேன்.

"அவன் பர்ஸுல ஆஸ்பத்திரி சீட்டு இருந்திச்சி. அஞ்சு டிக்கு. கூடவே அந்தக் காலேஜு நோட்டீஸு. ஆறாவது நாள் தேதி. அதுல உன் படமும் இருந்திச்சி." ஹெட்போனைச் சுருட்டி என் பக்கம் வைத்தாள். "அஞ்சு வருஷமா நீ வந்து சொல்லுவியான்னு பாத்துகினு இருந்தேன். வந்தா இன்னா பேசணும்னெல்லாம் வெச்சிருந்தேன். இப்ப ஒண்ணும் வரல."

"அக்கா..."

"நானும் தான் கவனிக்காம விட்டுட்டேன். நடுவுல லீவுக்கு வந்தப்ப அவன் கைல தழும்பு பாத்தேன். இன்னாடான்னு கேட்டதுக்கு, கிட்டாரு கம்பி கிழிச்சிடுச்சின்னான். நர்ஸுக்குப் படிக்கிறவ நான். கம்பி கிழிச்சா அப்டியா இருக்கும்? நம்பிட்டேன்."

அம்மா உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நைனா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்பல்லாம் கைலயே போடற ஊசி வந்திடுச்சி" என்றாள். "வயித்துல இல்ல. அஞ்சே அஞ்சுதான்."

 கிளம்பும்போது அக்கா ஒன்று கேட்டாள். ஆல்பத்தின் அட்டையில் ஒரு வரி போட வேண்டும். நாய் கடித்தால் எல்லா ஊசியையும் விடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியில் டிரம்மர் முனகினான். "சுகாதார நோட்டீஸு மாரி இருக்கும்டா. எவன் வாங்குவான்?" கொஞ்சதூரம் போன பிறகு, "பெரிய எழுத்தாவே போடு" என்றான்.

முந்நூறு சி.டி. பிரதி போட்டோம். கோவளத்தில் பட்டறையைச் சுத்தம் செய்து, நாற்காலி வாடகைக்கு எடுத்து வெளியிட்டோம். முப்பது பேர் வந்தார்கள், பாதிப் பேர் வண்டி ரிப்பேருக்கு வந்தவர்கள். பழைய கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். சென்னையில் இரண்டு கடைகளில் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, இலவச விளம்பரமெல்லாம் வைப்பதில்லை என்றார். ஒரு ஆங்கிலப் பத்திரிகை நாலு வரி எழுதியது. அந்த நாய்க்கடி வாசகத்தை, இன்றைய சமூகத்தின் மீதான கூர்மையான கிண்டல் என்று பாராட்டியிருந்தார்கள். டிரம்மர் அதை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டப் போனான். பாதியில் கசக்கிப் போட்டுவிட்டான்.

அக்கா ஐம்பது பிரதி கேட்டு வாங்கிக்கொண்டாள். என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவன் அம்மா எனக்குப் போன் செய்தார்கள். அக்கா தன் வீட்டில் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

"ஒம்போது பாட்டும் கேட்டேன்பா. இதுல அவன் குரல் எங்க கீது?"

"அவன் எழுதின பாட்டும்மா. பாடினது நான்."

"அவன் பாடலியா?"

"இல்லம்மா."

"அவன் பாட்டுன்னு சொன்னீங்களே." பிறகு மெதுவாகக் கேட்டார்கள்: "அவன் பேசனது எதுனா வெச்சிகினு இருக்கியா?"

இறால் பண்ணைக் கேசட்டில், பாட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் பேச்சு இருந்தது. அதையெல்லாம் தனியாக எடுத்து, இரைச்சலைக் குறைத்து, அவர்கள் வீட்டில் இருந்தது கேசட் பிளேயர் என்பதால் மறுபடி ஒரு கேசட்டில் பதிந்து, அடுத்த ஞாயிறு நான் மட்டும் எடுத்துப்போனேன். மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும். அவன் சிரிக்கிறான். டிரம்மரிடம், "டேய், கொஞ்சம் மெதுவா அடிடா, டிரம்மு செத்துடும்" என்கிறான். யாரிடமோ தீப்பெட்டி கேட்கிறான். நைனா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா பிளேயரின் மேல் காதை வைத்துக் கேட்டார்கள்.

கடைசியில் அரை நிமிஷம் அவன் தனியாகப் பாடுகிறான். பாட்டு என்றும் சொல்ல முடியாது. புதிய மெட்டு ஏதாவது தோன்றினால், வார்த்தை கிடைக்கும் வரை வாய்க்கு வந்த ஒலியைப் போட்டுப் பாடுவான். அதில் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.

"இது இன்னா சொல்றான்?" என்று அம்மா கேட்டார்கள்.

"ஒண்ணும் சொல்லலம்மா. சும்மா மெட்டுக்கு."

"இல்ல, இன்னாவோ கேக்கறான். திரும்ப வை."

ரிவைண்ட் செய்து வைத்தேன். கேட்டார்கள்.

"கடசில தண்ணின்னு சொல்றானா?"

"இல்லம்மா. அது சும்மா சத்தம்."

"நல்லாக் கேளு. உனக்குத்தான் அவன் பேச்சு தெரியும்."

நானும் குனிந்து காதை வைத்தேன். எத்தனையோ முறை கேட்ட அரை நிமிஷம் அது. எனக்கு அதில் வார்த்தை எதுவும் கேட்கவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திரும்ப வை" என்றார்கள்.

வைத்தேன்.